கோரைப்பல்

சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு வரை
ஏரிக்கரை விடுதியின் படகுக்கூடத்தில்
பிர்ச் மரப்பட்டையைக் கடிக்கக் கற்றுத்தருகிறேன்.
மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
இரண்டு இடத்திலும்
உட்காருங்கள் என்று சொல்வதுதான் பாதி வேலை.

பட்டையை ஏடு ஏடாகப் பிரியுங்கள்,
விளக்குக்கு எதிரே பிடித்தால்
விரல் தெரிய வேண்டும்.
மடியுங்கள். இன்னொரு மடிப்பு. முக்கோணம்.
முன்பல் வேண்டாம், அது வெட்டிவிடும்.
கோரைப்பல்லால் அழுத்துங்கள்,
கிழியக் கூடாது, தழும்பு விழ வேண்டும்.
எங்கே கடிக்கிறோம் என்று பார்க்க முடியாது.
வாய்க்குள் இருக்கும் இருட்டில்தான் வரைகிறோம்
நாங்கள் க்ரீக்கள்.

இன்று பதினொரு பேர்.
ஊட்ரெக்ட்டிலிருந்து அக்கா தங்கை இருவர்.
கிராட்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் வெண்டலின்,
பல் மருத்துவர் என்பதை மூன்று முறை சொல்லிவிட்டார்.
ஹாலிஃபாக்ஸ் கணக்காளருக்கு முழுப் பல்செட்.
கொஞ்சம் யோசித்தார், பிறகு கழற்றிக்
கையில் இடுக்கிபோல் பிடித்து அழுத்தினார்.
பிரித்தால் அச்செடுத்த மாதிரி ஒரு பூ.
கைதட்டினோம். அவர் வாய் பொத்திச் சிரித்தார்.

"இதற்கு என்ன அர்த்தம்?"
என் தட்டானைக் காட்டிக் கேட்கிறாள் அக்கா.
தட்டான் என்கிறேன்.
"இல்லை, இன்னும் ஆழமாக?"
ஆழமாகவும் தட்டான்தான்.
கொசுவைத் தின்னும். அதனால் எங்களுக்குப் பிடிக்கும்.

அப்போதுதான் தங்கை ஃபெம்கே
பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள்:
எனக்கு இந்த மாதிரி வர வேண்டும்.
வரவேற்பறைக் கடையில் வாங்கியதாம், ஒன்பது டாலர்.
பழுப்புத் தாளில் அச்சிட்ட தட்டான்,
கீழே 'வடக்கின் மரபுக் கலை.'
பெயர் இல்லை.

சன்னலுக்குக் கொண்டுபோனேன்.
சிறகின் மூன்றாம் வரிசையில்
ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில்
சின்னக் கீறல்.
நான்கு சிறகிலும் அதே நொண்டல்.

ஒன்பதாம் வகுப்பில், பனிச்சறுக்கு அரங்கில்,
ஹாக்கித் தட்டு ஒன்று வந்து
என் இடக் கோரைப்பல்லின் முனையைக் கொண்டுபோனது.
அன்றிலிருந்து நான் கடிப்பதெல்லாம்
அந்த இடத்தில் கால் இழுத்துத்தான் நடக்கும்.

ஒன்றும் சொல்லவில்லை.
புதுப் பட்டையை மடித்தேன், கடித்தேன், பிரித்தேன்,
அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெண்டலின் எழுந்து வந்தார்.
வாயைத் திறங்கள் என்றார்,
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார்,
அட்டையைப் பார்த்தார், மறுபடி என் வாயை.
"பல்லை வைத்து இதுவரை இரண்டு பேரை
அடையாளம் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு பேரும் பிணம்."

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த மேலாளர் கார்லிஸ்
மேசையைச் சுற்றி நிற்கும் பதினொரு முதுகைக் கண்டாள்.
"போன கோடையில் நீ விட்டுப்போன மாதிரிதானே டெல்ஃபின்?
திங்கட்கிழமை பேசலாம்."
திங்கட்கிழமை ஆறேகாலுக்குப் பேருந்து எடுக்கணும்,
இப்போதே பேசு என்றேன்.
பேசவில்லை.
தட்டில் கரண்டிகள் மட்டும் கிணுகிணுத்தன.

ஒவ்வொருவராக அறைக்குப் போய்த்
தங்கள் அட்டைகளை எடுத்துவந்தார்கள்.
ஏழு சேர்ந்தது.
கையெழுத்துப் போடுங்கள் என்றாள் ஃபெம்கே.
என்னிடம் பேனா இல்லை.
கார்லிஸ்தான் சட்டைப்பையிலிருந்து
தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.

வாங்கவில்லை.
முதல் அட்டையின் மூலையை மடித்து
இடப்பக்கமாக வாய்க்குள் வைத்தேன்.
பட்டையில் ஒரு தித்திப்பு இருக்கும்,
இதில் மை கசந்தது.
ஏழையும் கடித்தேன்.

வரவேற்பறை அலமாரியில்
இன்னும் இருநூறு இருக்கிறதாம்.
தாடை வலிக்கும்.
வலிக்கட்டும், கொண்டுவா.