கொக்கியில் நிற்கும் குதிரைகள்

பஞ்சிகாவத்தையில் பதினோரு வருடமாக
ட்ரக்டர் பாகங்கள் விற்கிறேன்.
ஒரு ட்ரக்டர் உழுது நான் பார்த்ததில்லை.
வயல் என்பது எனக்கு
அனுராதபுரம் போன ரயிலின் இடதுபக்க ஜன்னல்.
அதிலும் பாதித் தூரம் தூங்கிவிட்டேன்.

ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று கேளுங்கள்.
மெசி முப்பத்தைந்துக்கு மூன்று சிலிண்டர்,
ஃபோர்ட்சன் மேஜருக்கு நான்கு.
மெசியின் கிளச் தட்டை நானே இறக்கித் தருவேன்;
மேஜரின் ஃப்ளைவீல் என்றால்
பின்கதவைத் திறந்து மரியதாசைக் கூப்பிட வேண்டும்.
டேவிட் பிரவுன்காரர்கள் அதிகம் வருவதில்லை.
வந்தால் முகத்திலேயே தெரியும்,
ஏற்கெனவே ஆறு கடை ஏறி இறங்கிய முகம்.

முந்தாநாள் மழைக்குள் இரண்டு பேர்.
முருங்கனிலிருந்து குணசீலன், மெசிக்கு வாட்டர் பம்ப்.
ஹிங்குராக்கொடையிலிருந்து நிமலசேன, மேஜருக்கு ஹெட் கெஸ்கட்.
ஒருவர் கையில் இருந்ததை மற்றவர் பார்த்தார்.
அவ்வளவுதான்.

"ஐம்பது குதிரைவலு!" என்றார் நிமலசேன.
அது மட்டும் தமிழில், மற்றதெல்லாம் சிங்களம்.
"அம்பது குதிரை இருந்தென்ன,
சேத்துக்குள்ள இறக்கினா அம்பதும் படுத்திடும்.
என்ர மெசி சின்னன்தான்.
ஆனா கலப்பை இழுக்க இழுக்க
அந்தக் கனம் வந்து பின்சில்லை அமத்தும்.
இழுவை எஞ்சினிலயா இருக்கு?
ரயர் மண்ணைக் கடிக்கிற இடத்தில எல்லோ இருக்கு."

நெல் மூட்டையோடு குளக்கட்டில் ஏறினால்
உங்கள் மெசி முன்சில்லைத் தூக்கிக் கும்பிடும்,
என்றார் மற்றவர்.
நடுவில் நின்று நான் மொழிபெயர்த்தேன்,
இரண்டு பக்கமும் காரத்தைக் கொஞ்சம் குறைத்து.

அந்த நேரம் பார்த்து வெளியே ஹோர்ன் சத்தம்.
மருதானை ஏற்றத்தில் மரியதாசின் கைவண்டி,
மேலே கழற்றிய மேஜர் எஞ்சின் ஒன்று,
கயிறு தளர்ந்து பின்னால் சரிந்திருக்கிறது.
வண்டியின் கைப்பிடி வானத்தைப் பார்க்க,
அதில் பாதித் தொங்கியபடி மரியதாஸ்.
கால் தாரில் வழுக்குகிறது.
பின்னால் மூன்று ஆட்டோ, ஒரு பஸ், ஒரு சாபம்.

மேஜர் இருந்தால் ஒரே இழுவை, என்றார் ஒருவர்.
மெசி எண்டா சத்தமே கேக்காது, என்றார் மற்றவர்.
இருவரும் மழையில் இறங்கினார்கள்,
தள்ளுவதா இழுப்பதா என்று அங்கேயும் தகராறு.

மரியதாஸ் இருவரையும் பார்க்கவில்லை.
சில்லுக்குக் கல் வைத்தார்.
அலவாங்கைக் கொடுத்து எஞ்சினை நெம்பினார்,
முன்பக்கமாக, ஒரு சாண்.
கைப்பிடி கீழே வந்தது.
எஞ்சினின் கனத்தில் ஒரு பங்கு
அவர் தோள் வழியாக, முழங்கால் வழியாக
பாதத்தில் போய் உட்கார்ந்தது.
பாதம் தெருவைக் கடித்தது.
வண்டி போய்விட்டது.

"இதைத்தானே நான் சொன்னனான்," என்றார் குணசீலன்.
"எஞ்சின் மேஜருடையது," என்றார் நிமலசேன,
சட்டையைப் பிழிந்துகொண்டே.

இரண்டு பில் எழுதினேன்.
மெசியின் பில்லில் மேஜரின் விலை விழுந்துவிட்டது,
அடித்துத் திருத்தினேன்.
கதவருகில் மரியதாஸ் திரும்பி வந்து நின்றார்,
பிளேன்டீக்கு.
அவர் செருப்பைக் கவனித்தேன்.
வரி ஒன்றும் மிச்சமில்லை, மொழுமொழுவென்று,
குதிகாலில் நிலம் தெரிகிறது.

அலுமாரியில் நாற்பது வருட ட்ரக்டர்களுக்கு
எல்லா அளவிலும் எல்லாம் வைத்திருக்கிறோம்.
அந்த அளவு மட்டும்
எங்களிடம் இருப்பில் இல்லை.