குழி எண் 41

ஒன்பதே கால். துவாஸ்.
மூன்றாம் எண் பாலஸ்ட் தொட்டியின் தரையில்
முழங்காலிட்டுக் கிடக்கிறேன்.
மேலே, நுழைதுளை ஓரத்தில் குந்தியபடி
பியோ காற்றளவைக் கத்துகிறான்:
இருபது புள்ளி எட்டு!
மூடிக் கிடந்த மாதங்களில்
இங்கிருந்த காற்றையெல்லாம் துருதான் தின்றது.
நேற்று முழுக்க விசிறி வைத்து ஊதி
எனக்கும் ஒரு பங்கு வாங்கியிருக்கிறார்கள்.

குழியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு
உருப்பெருக்கியை மேலே நிறுத்துகிறேன்.
முதலில் விளிம்பு.
பழைய சாணைக் கீறல் ஒன்று
மயிரிழையாய்த் தெளிகிற இடத்தில்
முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறேன்.
பிறகு திருகத் திருக
விளிம்பு கலங்குகிறது, கரைகிறது,
வெறும் பழுப்பு மூட்டம்,
எதிலும் கண் ஊன்றவில்லை.
அப்புறம், அடியில்,
உப்புப் பரல் ஒன்று சட்டென்று பிடிபடுகிறது.
இரண்டு தெளிவுக்கும் நடுவே நான் இறங்கிய தூரம்,
அவ்வளவுதான் ஆழம்.
காலை விடாமல் ஆழம் பார்க்க
மணிக்கு இருபத்திரண்டு வெள்ளி.

நாலு புள்ளி ஒன்று ஏழு மில்லிமீட்டர்.
நாலு புள்ளி இரண்டைத் தொட்டால்
தகட்டை வெட்டி எடுக்க வேண்டும்.
"ஓகே லா?"
என் தோளுக்கு மேல் குனிந்து கேட்கிறார்
கப்பல்காரர் அனுப்பிய சுவா.
சனிக்கிழமை கிளம்ப வேண்டிய கப்பல்.

மூன்று முறை பார்த்தேன்.
மூன்று முறையும் அதே எண், பிழையில்லை.
ஆனால் ஒளி, நேராய்ப் போய் நேராய்த் திரும்பும் பிள்ளை.
உப்புநீருக்கு அந்த ஒழுக்கம் கிடையாது.
செம்புக் கம்பியின் நுனியை மடக்கி
உள்ளே விட்டேன். அடியைத் தொட்டது.
தொட்டு, வலப்பக்கம் திரும்பி,
விளிம்புக்குக் கீழே
வெளிச்சம் நுழையாத ஓர் அறைக்குள்
சுண்டுவிரல் நகமளவு போயிற்று.

4.17 என்று எழுதினேன்.
பக்கத்தில்: கண்ணுக்கு எட்டியவரை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை,
ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.
"எட்டாதது எவ்வளவு?"
தெரியாது என்றேன்.
சுவா கையுறையைக் கழற்றி
வெள்ளி, சனி என்று விரல்விட்டார்.
பிறகு யாருக்கோ போன் போட
ஏணியில் ஏறிப் போனார்;
ஒவ்வொரு படிக்கும் தொட்டி முழுதும் அதிர்ந்தது.

இருபது புள்ளி ஏழு! என்கிறான் பியோ.

குழி எண் 42.
உள்ளே தண்ணீர் நிற்கிறது.
முதலில் ஒற்றி எடுக்க வேண்டும்.
தண்ணீர், ஆழத்தைக் குறைத்துச் சொல்லும்.