கீழ்த்தளப் பதிவேடு

நகர மன்றத்துக் கடிதம்
நூற்றைம்பது சொற்கள் கேட்கிறது.
பேட்டைக்கு முப்பத்தைந்து வயதாம்,
லிஃப்ட் பக்கத்தில் பலகை வைக்கிறார்களாம்.
"வரலாறு. சுருக்கமாக."
குழுவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
செயலாளர் என்றால் வேறென்ன.

முதல் வரி சுலபம்.
செம்பவாங். கடற்படைத் தளம்.
வெள்ளைக்காரன் தனக்குத் தெரிந்த ஊர்களையெல்லாம்
தெருவுக்குத் தெரு நட்டுவிட்டுக் கப்பலேறினான்:
மால்டாவிலிருந்து ஜிப்ரால்டருக்கு
நடந்தே போய்விடலாம், குடை இருந்தால்.

இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன்.

சீனர் கோவில்தான் முதலில் என்கிறார் குவெக்.
ரப்பர் என்கிறார் தனுஷ்கோடி, பால்வெட்டியவர் மகன்.
ஜுமாட் சிரிக்கிறார்.
அவருடைய ஆட்கள் கரையில் வலை காயப்போட்டபோது
முதல், இரண்டு என்று எண்ணவே ஆளில்லையாம்.

இனி எல்லாம் கைப்பேசியில் என்று
பொருளாளர் ஓ சுவீ லான்
கழிக்கச் சொல்லிக் கொடுத்த அட்டைப்பெட்டியில்
அது கிடந்தது. நீல அட்டை, முதுகில் துணி நாடா.
கீழ்த்தள வாடகைப் பதிவேடு.
குஞ்ஞிராமன் கையெழுத்து.
கப்பல்துறைப் பண்டசாலையில்
திருகாணி எண்ணிப் பழகிய கை.
யார், எதற்கு, எத்தனை நாள், எத்தனை மேசை.
ஐந்தாம் கட்டம்: சேதம்.

'சாவு, ஐந்து நாள். மேசை இருபது. தரையில் மெழுகு.'
'கல்யாணம். மேசை நாற்பது. வாழைத்தண்டு வடிகாலில்.'
'ஆண்குழந்தை, முதல் மாதம். சேதமில்லை.'
'துணைப்பாட வகுப்பு. வந்தவர் இருவர்.'
'கல்யாணம். ரத்து. முன்பணம் திருப்பவில்லை.'
அதே பெண், பதினோரு மாதம் கழித்து:
'கல்யாணம். மேசை பன்னிரண்டு.'
மாப்பிள்ளை பெயருக்குக் கட்டமில்லை.

ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் இரண்டு வரி.
குவெக்கின் தாய் வியாழனன்று இறந்திருக்கிறார்.
ஜுமாட் மகள் கல்யாணத்துக்கு
ஆறு மாதம் முன்பே பதிவு.
அன்று போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது,
ஒன்பதாம் மாடிவரை ஏறி வந்தது.
குஞ்ஞிராமன் எழுதியது இவ்வளவே:
'எல்லை தூண் ஏழு. கொம்பாங் ஆறு மணியோடு சரி.
நாற்காலி கலந்துவிட்டது. மூன்று குறைவு.'

மூன்று குறைவு.
அடுத்த பக்கத்திலும் மூன்று குறைவு.
ஒவ்வொரு பக்கத்து அடியிலும், சிவப்பு மையில்,
வருஷம் மாறி, வாடகை ஏறி,
எழுத்து நடுங்கத் தொடங்கி,
கடைசியில் குஞ்ஞிராமனே ஒரு வரியாகி
('சாவு, ஒரு நாள். மேசை ஐந்து. சேதமில்லை')
அதன் கீழே வேறு யாரோ:
மூன்று குறைவு.

குவெக் இன்னும் ஜுமாட்டின் சமையல்காரனைச் சொல்வார்.
ஜுமாட், குவெக்கின் மச்சானை.
முப்பது வருஷமாக, கோப்பிக்கடையில்,
ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு.

சொல்லிவிடுகிறேன்.
அவை என் வீட்டில் இருக்கின்றன.
அன்றிரவு மழை. புல்வெளி ஓரம்
நனைந்துகொண்டிருந்ததை அப்பா மேலே கொண்டுவந்தார்,
கைக்கு அடங்கியது மூன்று,
காலையில் கொடுத்துவிடலாமென்று.
காலையில் அவருக்கு ஷிஃப்ட்.
அப்புறம் கேட்டவர்கள் கோபமாகக் கேட்டார்கள்.
அப்புறம் கேட்கவேயில்லை.
ஒன்றின்மேல் இப்போது அச்சுப்பொறி நிற்கிறது.
வரலாறு அதிலிருந்துதான் வரவேண்டும்.

வந்தது. நூற்றைம்பதே சொற்கள்.
கடற்படை உண்டு, ரப்பர் உண்டு, கோவில், கரை,
நல்லிணக்கம் இரண்டு முறை.
நாற்காலி இல்லை.

இரவு ஒன்றரை மணி லிஃப்டில்
நானும் மூன்று சிவப்பு நாற்காலிகளும்.
ஆறாம் மாடியில் கதவு திறந்தது.
பீட்சா கொண்டுவந்த பையன் எங்களைப் பார்த்துவிட்டு
படியில் இறங்கிப் போனான்.
தூண் ஏழின் அடியில் வைத்தேன்,
அடுக்காமல், தனித்தனியாக.

விடிந்து பார்த்தால்
ஒன்றில் குவெக், ஒன்றில் ஜுமாட்.
யார் கொண்டுவந்து வைத்தது என்று சண்டை.
மூன்றாவதைக் காணோம்.

மேலே போய்ப் பதிவேட்டை எடுத்தேன்.
சிவப்புப் பேனா கிடைக்க நேரமாயிற்று.
தேதி போட்டு,
மூன்றை அடித்து,
எழுதினேன்:
ஒன்று குறைவு.