ஆறாம் கட்டம்

கொங்கில் காடு என்றால் மரங்கள் அல்ல,
மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம்.
ஐந்தாண்டுப் படிப்பு இதை
எனக்குச் சொல்லாமல் விட்டது.
முதல் நாள் சென்னியப்பனிடம்
"காட்டுல எத்தனை மயில் இருக்கும்?" என்றேன்.
"எந்தக் காடுங்க? உங்க ஆபீஸ் காடா, என்ற காடா?"

என் திட்ட வரைவில் அந்தக் கேள்வி இல்லை.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே
நாற்பத்திரண்டு கொரங்காடுகள்.
சிலவற்றில் கிளுவை வேலி இன்னும் இருக்கிறது,
மற்றதெல்லாம் கல்தூணும் கம்பியும்.
வேலி போன இடத்தில் நரி போனதா,
நரி போனதால் மயில் பெருத்ததா?
இவ்வளவுதான் என் ஆய்வு.
இதற்கு நாலு பேர் தேவைப்பட்டோம்.

ராக்கியாத்தாள் செம்மறி மேய்ப்பவர்.
காய்ந்த எச்சத்தைக் குச்சியால் உடைத்து
"இது நாயி. இது கீரி.
இது நரியாட்டம் இருக்குது, ஆனா நரியில்லீங்" என்பார்.
மூன்று வாரம் கழித்து ஆய்வகமும்
அதையே சொல்லும், ரசீதோடு.

ரூபம் பரூவா குவாஹாட்டியில் இருக்கிறான்.
கிளுவையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான்.
எங்கள் எண்களை வளைகோடாக்கி அனுப்புவான்.
ஒருநாள் எழுதினான்:
"பூஜ்யங்கள் அதிகம். போய்ப் பார்த்தும் இல்லையா,
இல்லை, போகவே இல்லையா?"
அந்த ஒரு வரிக்காக
இன்னும் பன்னிரண்டு விடியல் நடந்தோம்,
கால்சட்டையெல்லாம் கொழுக்கட்டைப் புல் ஒட்ட.

தாள் நிரப்புவது சென்னியப்பன்.
தேதி, நேரம், சேவல், பெட்டை, குஞ்சு.
ஆறாவது கட்டம் குறிப்புக்கு.
பெரும்பாலும் காலியாக வரும்.
எப்போதாவது "பனி."
எப்போதாவது "மக பிரசவம். போகலை."
ஒருமுறை மட்டும் கட்டம் நிரம்பி வழிந்தது:
"கடலை போட்டு மூணாம் நாள். எண்ண மனசில்லை.
எண்ணினேன். 31."

இழப்பீட்டு மனு மூன்று தரம் எழுதிக் கொடுத்தேன்.
அலுவலகத்தில்
கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள்.

புரட்டாசிக் கடைசி வாரத் தாள்.
சேவல் 3. பெட்டை 8. குஞ்சு 0.
ஆறாம் கட்டத்தில்
அதே நீல மை, அதே சாய்ந்த எழுத்து:
"எல்லாம் செத்தது. சோளத்துல குருணை மருந்து.
வெச்சது நான்."

எழுதாமல் விட்டிருந்தால்
ரூபத்தின் கோட்டில் சிறு சரிவு.
காரணம் அறியப்படவில்லை என்று
ஒரு வாக்கியத்தில் தாண்டியிருப்போம்.

ஓடினேன்.
"ஏனுங்க இதை எழுதுனீங்க?"
மடை மாற்றிக்கொண்டே சொன்னார்:
"கட்டுரையில என்ற பேரும் வருதுன்னீங்க.
பொய்க்கணக்குல எதுக்குங்க பேரு?"

மறுநாள் ராக்கியாத்தாள்
சாக்குப்பையில் எதையோ கொண்டுவந்து
என் வண்டிக்கு முன் இறக்கினார்.
செத்த மயிலைத் தின்றிருக்க வேண்டும்.
வாயில் நுரை, நுரையில் ஒரு நீலத் தூவி.
"இது நரிங்க" என்றார்.
சென்னியப்பன் இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

இரண்டு வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த
ஒரே நரி.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கட்டுரை வந்துவிட்டது. நான்கு பெயர்கள்.
இடக்குறிப்பில் கடைசி மூன்று இலக்கங்களை
நான் அழித்தேன்.
ரூபம் இரண்டு நாள் பேசவில்லை,
பிறகு
"பிழை எல்லையைக் கூட்டிவிட்டேன்" என்று மட்டும் எழுதினான்.
இடத்தை ஏன் மறைத்தீர்கள் என்று
மதிப்பீட்டாளர் கேட்டதற்கு
இரண்டு பத்தி பதில் எழுதினேன்.
இரண்டிலும் உண்மை இருந்தது,
முழுதாக இல்லை.

தாள்கள் நின்றுவிடும் என்று நினைத்தேன்.
தை மாதத் தாள் வந்தது.
சேவல் 2. பெட்டை 5. குஞ்சு 0.
ஆறாம் கட்டத்தில்:
"கம்பியோரம் கிளுவைப் போத்து நட்டது 60.
தழைத்தது 22.
ஆடு கடிச்சது 9, ராக்கியாத்தாளோடது.
கேட்டேன். பேசலை."