சாலேமின் ராஜா

அஸ்தம்பட்டி சண்டே கிளாஸ்.
ஒன்பது பிள்ளைகள், ஓடாத மின்விசிறி.
போர் முடிந்து ஆபிராம் திரும்பும் வழியில்
சாலேமின் ராஜா எதிரே வருகிறான்,
அப்பமும் திராட்சரசமுமாக.

"நம்ம சேலமா, டீச்சர்?
அஞ்சு ரோடு தாண்டியா வந்தாரு?"
எப்சிபாதான்.
சிரித்தோம். அது வேற ஊரும்மா, என்றேன்.

மதியம் தட்டுவடை செட்டுக்கு நிற்கையில்
சிரிப்பு தொண்டையில் காரமாய் நின்றது.
களைத்து வந்தவனுக்கு யாரோ நீட்டிய சாப்பாடு;
அதில் நற்கருணையைப் பார்த்தவர்கள் நாங்கள்.
மூன்று வசனம் வந்து மறைகிற ராஜாவை
இயேசுவின் சாயலாக்கிப்
பீடம்வரை கூட்டிவந்தவர்கள்.
அடுத்த வீட்டுக் கடிதத்தில்
எங்கள் ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு
எங்களுக்கு வந்ததென்றே படித்தோம்.
அந்த வீட்டில் இன்னும் விளக்கெரிகிறது.
அதே வரிகளை அவர்கள்
வேறு மாதிரி படிக்கிறார்கள்.

ஆனால் நாங்கள் தொழுகிறவர்
அந்த வீட்டுப் பிள்ளை.
எழுத்துக்கூட்டிப் பழகியதே அந்தக் கடிதத்தில்தான்.
எப்படி மடித்துத் திருப்பிக் கொடுப்பது?

அடுத்த ஞாயிறு எப்சிபா படம் வரைந்து வந்தாள்.
பின்னால் சேர்வராயன் மலை, வளைவு வளைவாய் ஏற்காடு ரோடு.
நடுவில் கிரீடம் வைத்த ராஜா, கையில் தட்டுவடை.

"ஆபிராம் எங்கம்மா?"

"இடம் பத்தல, டீச்சர்."