சுழி

முழங்காவிலில் அரிசி ஆலைக்குப் பின்னால்
வாடகைக்கு எடுத்த அறை.
ஆலை ஓடினால் மின்சாரம் தளம்பும்,
தளம்பினால் என் கடல் நின்றுவிடும்.

கடலைச் சதுரங்களாக வைத்திருக்கிறேன்.
ஒரு சதுரம் ஒன்பது கிலோமீற்றர்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு காற்று, ஓர் அலையுயரம்,
நீர் ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி.
புதனிரவு கணக்கிட்டு
வியாழன் விடியமுன்
இரணைமாதா நகர்ப் படகுகளுக்கு அனுப்பினேன்:
சோளகம் பன்னிரண்டு நொட். நீர் வடக்கே. போகலாம்.

டெல்சியா போனாள்.

பத்து மணிக்கு அவள் குரல்.
"நீ சொன்ன பக்கம் நீர் ஓடேல்லை தங்கச்சி.
ரெண்டு தீவுக்கும் இடையில
கிழக்க இழுத்துக்கொண்டு போச்சுது.
பதினொரு வலை. பாரில சுத்திக் கிடக்கு.
கிழிச்சுத்தான் எடுக்கோணும்."
ஏச்சு இல்லை. மூச்சு வாங்கினாள்.
பிறகு, ஏதோ நினைத்தவள்போல:
"உன்ர கொம்பியூட்டரில
எங்கட கோயில் எங்க நிக்குது?"

கோயிலின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் தட்டினேன்.
திரை சொன்னது: கடல்.
ஆழம்: பத்து மீற்றர்.

பத்துக்குக் குறைந்த ஆழத்தை
இந்த மாதிரி நம்பாது.
கணக்கு உடைந்துவிடுமாம்.
அதனால் முழங்கால் நீரும் பத்து,
அட்டை பொறுக்கும் பெண்கள்
வத்தில் நடந்துபோகும் வெளியும் பத்து.
டெல்சியா பாவாடையை இழுத்துச் செருகி
இடுப்பளவு நீரில் நின்று வலை இழுக்கும் இடத்தில்
என் கணக்கின்படி
அவள் தலைக்கு மேல் ஐந்து ஆள் நீர்.

தீவா?
சதுரத்துக்குள் நிலம் கூடவா, நீர் கூடவா என்று
ஒரு வாக்கெடுப்பு நடக்கும். நீர் வெல்லும்.
இரணைதீவு இருக்கும் இடத்தில்
ஒரு சுழி.

சொன்னேன். சிரித்தாள்.
"முதல் சனம் இல்லையெண்டு எழுதினாங்கள்.
இப்ப தீவும் இல்லையோ?"

அன்றிரவு சதுரங்களை நறுக்கினேன்,
முந்நூறு மீற்றருக்கு ஒன்றாக.
செய்மதிப் படத்தைப் பக்கத்தில் விரித்து
சுழி கிடந்த கட்டங்களில்
கையால் ஒன்று போட்டேன்.
ஒன்று. ஒன்று. பெரியதீவின் வடமுனை ஒன்று.
மாடுகள் நிற்கும் வெளி ஒன்று.
நல்லதண்ணிக் கிணறு ஒன்று.
கோயில் ஒன்று.
இடையில் ஒரு மணற்திட்டு, வத்தில் நிலம், பெருக்கில் கடல்.
போட்டேன், அழித்தேன், போட்டேன்.
ஆழத்தை இரண்டு மீற்றர்வரை இறக்கினேன்.
அதற்குக் கீழே கணக்கு வெடித்தது.
இனி டெல்சியாவின் தலைக்கு மேல்
ஒரு முழம் நீர்தான்.

ஆலை உறங்கியது. கணக்கு ஓடியது.
இரண்டரைக்கு மின்சாரம் போய் வந்தது.
முதலிலிருந்து.

விடியப் பார்த்தேன்:
வடக்கே போன அம்புகள்
தீவில் முட்டிப் பிரிந்து,
இடுக்கில் நெருங்கிக் கிழக்கே பாய்ந்து,
அந்தப் பக்கம் போனதும்
வந்த வழியை மறந்தவைபோலத் திரும்பி
வட்டமிட்டன.
சுழி.
கட்டத்தில் நான் அழித்தது
நீரில் வந்து கிடந்தது.

அனுப்பினேன்: சனி பின்னேரம் மூன்றுக்குப் பிறகு
இடுக்குக்குள் வலை வேண்டாம்.

பதிலுக்கு ஒரு குரற்பதிவு, இருபது வினாடி.
நண்டு விலை இறங்கிவிட்டதென்று ஏதோ சொன்னாள்.
நான் கேட்டது அவளுக்குப் பின்னால் இரைந்ததை.
திரும்பவும் போட்டுக் கேட்டேன்.
மாதிரி பதினொன்று என்றிருந்தது.
பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன்.