உப்பு பார்க்காதவன்

கருங்கல் சந்தைக்குப் பின்பக்கம்
இருபத்தியொரு வருடமாக
ஏத்தங்காய் வறுக்கிறேன்.
தேங்காயெண்ணெய் வாசம்
என் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை,
கழற்றிப் போட முடியாதது.

போன வைகாசியில்
வலது விலாவுக்குக் கீழே
யாரோ திருகாணி முடுக்கினார்கள்.
வாயு என்று சோடா குடித்தேன்.
தோளுக்கு ஏறியது.
நெஞ்சோ என்று பயந்து
தக்கலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்த பெண்
குளிர்ந்த பசையைத் தடவி
மூச்சைப் பிடிக்கச் சொன்னாள்.
கறுப்புத் திரையில்
கொல்லாம்பழம் போலத் தொங்கியது
ஒரு சின்னப் பை.
"கல்லு இன்னும் ஆகல்ல அண்ணே.
அடியில மண்டி கெடக்கு."

மண்டி எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை ராத்திரி
உருளியைச் சாய்க்கும்போது
கடைசியில் வர மறுப்பது.
சுரண்டினால்தான் போகும்.
உள்ளே கைவிட்டு
எதைச் சுரண்ட?

டாக்டர் புஷ்பலீலா கேட்டார்:
காலையில்?
கட்டஞ்சாயா.
அப்புறம்?
மூன்று மணிக்குப் பரோட்டா, நாலோ அஞ்சோ, ரோஸ்ட்டோடு.
நடுவில் ஒன்றுமே இல்லையா?
உப்பு பார்ப்பேன்.
எவ்வளவு?
ஓர் ஈடுக்கு ரெண்டு துண்டு,
ஒரு நாளைக்கு நாற்பது ஈடு.
எழுதிக்கொண்டிருந்தவர்
பேனாவை மூடி என்னைப் பார்த்தார்.

பட்டினி போட்டால் பித்தம் தேங்கும்,
சானலில் நின்ற தண்ணி பாசி பிடிப்பதுபோல.
எண்ணெயைக் கொட்டினால்
பை ஒரேயடியாய்ச் சுருங்கித் தவிக்கும்.
நேரத்துக்குத் தின்னுங்க, கொஞ்சமாத் தின்னுங்க.
மெலியணும், ஆனா ஓடி மெலியாதீங்க.
அப்படித் தின்றால் கல்லே வராதா என்றேன்.
"வராம இருக்க வாய்ப்பு கூடும்.
சத்தியம் பண்ண நான் சாமியாரில்ல."

வீட்டில் கமலபாய்
அண்டியாபீஸிலிருந்து வந்து
கறை பிடித்த விரலால் தேங்காயை எடுத்து
பாதியைத் திரும்ப வைத்தாள்.
நெத்திலி பொரிந்த சட்டியில்
இப்போது நெத்திலி அவிகிறது.
சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு,
வாழைத்தண்டு, காணத் துவையல்.
வறுத்தரைக்காத தீயல் ஒரு தீயலா என்று கத்தினேன்.
"அப்ப பேரை மாத்திக்கிடும்" என்றாள்.
பேர் வைக்காமலே தின்றேன்.
இரண்டாவது வாரம்
கத்தரிக்காய்க்கு ஒரு ருசி இருப்பது தெரிந்தது.
அவளிடம் சொல்லவில்லை.

கடையில்தான் கஷ்டம்.
உப்பு பார்க்காமல் வறுத்த முதல் நாள்
கல்யாணத்துக்குக் கொடுத்த பத்து கிலோ
அப்படியே திரும்பி வந்தது.
"ஓய், கடலையா வறுத்தீரு?"
நான் விற்பது ஏத்தங்காய்தான் என்று சொல்ல வாயெடுத்து
அவர் மேற்கே கை நீட்டுவதைப் பார்த்தபின்
காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு காதை வைத்தேன்.
உப்புத் தண்ணி எண்ணெயில் விழும் சத்தம்:
குறைந்தால் தகரத்தில் தூறல்,
கூடினால் பட்டாசு.
சரியாக விழுந்தால்
பெருமழை விட்டபின்
ரப்பர் இலைகள் சொட்டும் சத்தம்.
இருபத்தியொரு வருடம்
நாக்கு பேசிக்கொண்டே இருந்ததால்
இதைக் கேட்டதேயில்லை.

காலை எட்டரைக்கு
அடுப்புக்கு முதுகு காட்டி
தூக்குவாளியைத் திறக்கிறேன்.
கஞ்சி, பயறு, ஒரு மட்டிப் பழம்.
சிப்ஸ் வாங்க வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.
சாராயக்கடைக்காரன் மோர் குடிப்பதைப்
பார்த்த மாதிரி.

நேற்று கண்ணாப்பையிலிருந்து
ஒரு துண்டு தவறி
உள்ளங்கையில் விழுந்தது.
பொன் நிறம். ஓரம் மடங்கியிருந்தது.
தின்றேன்.
யாரும் பார்க்கவில்லை.
விலாவுக்குக் கீழே கை வைத்து
கொஞ்ச நேரம் நின்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் அடுத்த ஸ்கேன்.